உம் கொட்டினால்தான் அடுத்த வரி

குழந்தைகளோடு பேசிக் கதை சொல்லும் ஏஐ பொம்மைகள் கடைக்கு வந்துவிட்டன, அவற்றை வாங்குவதற்குப் பதில் நம் ஊர்ப் பிள்ளைகளே செய்து பார்த்தால் என்ன என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவைதான் அதிகம். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே பதில் சொல்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. பல கடிதங்களில் குழந்தையின் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் இருந்தன, அவை அச்சில் வரத் தேவையில்லை.

அக்கா, நாங்கள் தருமபுரியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறோம். குழந்தை ஒரு விலங்கின் பெயரைச் சொன்னால் போதும், முழுக் கதையையும் ஏஐ உருவாக்கிச் சொல்லும்படி ஒரு யானைப் பொம்மை செய்திருக்கிறோம். ரிவியூவில் பாராட்டினார்கள். ஆனால் பக்கத்து வீட்டு நாலு வயதுக் குழந்தை கொஞ்ச நேரத்திலேயே எழுந்து போய்விட்டது. எங்கே தப்பு?

தம்பிகளா, நீங்கள் அனுப்பிய ஆடியோவைக் கேட்டேன். ‘ஒரு அடர்ந்த காட்டில் ஒரு யானை இருந்தது’ என்று ஆரம்பித்த பொம்மை மூச்சு விடாமல் போகிறது. நடுவில் அந்தக் குழந்தை, ‘யானையோட அம்மா எங்க?’ என்று தெளிவாகக் கேட்கிறது. பொம்மை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குழந்தை இன்னொரு தடவை கேட்கிறது, அப்புறம் கேட்கவில்லை. எழுந்து போனதற்குக் காரணம் அந்த இடம்தான்.

நம் வீடுகளில் கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி நிறுத்திவிட்டு ‘தூங்கிட்டியா?’ என்பாள். உம் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் அவள் கதையை நீட்டுவதும் குறைப்பதும், புலியை உறும விடுவதும், பிள்ளை பயந்துவிட்டால் அந்தப் புலியையே பூனைக்குட்டி ஆக்குவதும். உங்கள் பொம்மையில் பேசுகிற பாதி இருக்கிறது, கேட்கிற பாதி இல்லை. இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. 1988-இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் பெற்றோர் புத்தகம் வாசிக்கும் விதத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு குழு வழக்கம்போல வாசித்தது; இன்னொரு குழு நடுநடுவே ‘இது ஏன் ஓடுது?’, ‘இப்போ என்ன ஆகும்?’ என்று கேட்டு, குழந்தை சொன்னதை ஒரு வார்த்தை கூட்டித் திருப்பிச் சொல்லி வாசித்தது. இரண்டு குழுவும் வாசித்த அளவு ஏறக்குறைய ஒன்றே. ஒரு மாதத்தில், கேள்வி கேட்டு வாசித்த வீட்டுக் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னே போய்விட்டார்கள்.

ஆகவே கதையை ஏஐ கையில் முழுசாகக் கொடுக்காதீர்கள். ஏஐக்குள் இருப்பது ‘பெரிய மொழி மாதிரி’ (large language model) என்ற மென்பொருள், சுருக்கமாக மாதிரி. அது அடுத்தடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டே போவது. முடிவு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு கதை சொல்வதில்லை. அதனால்தான் உங்கள் ஆடியோவில் ஆரம்பத்தில் குட்டியாக இருந்த யானை நடுவில் ராஜாவாகிவிடுகிறது, கடைசியில் எல்லாரும் நட்பின் அருமையைத் தெரிந்துகொண்டு மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள். எந்த விலங்கைச் சொன்னாலும் இதே கதைதான் வரும்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். கதையின் முதுகெலும்பை ஆள் எழுதட்டும், ஆள் குரலில் பதிவாகட்டும். அதில் ஆறேழு இடத்தில் நிறுத்தம். ஏஐக்கு அந்த நிறுத்தங்களில் மட்டும் வேலை. உதாரணமாக, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலம், கொல்லையில் பரண் மேல் தாத்தாவும் பேரனும் காவல் இருக்கிறார்கள், இருட்டில் ஏதோ சலசலக்கிறது. நிறுத்தம்: ‘என்னவா இருக்கும்?’ குழந்தை ‘மாடு’ என்கிறது. இப்போது ஏஐ ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: ‘மாடுதான்னு பேரனும் நினைச்சான், ஆனா மாட்டுக்கு இவ்வளவு பெரிய காது ஏது?’ உடனே பதிவு செய்த கதை தொடரும், யானைக்குட்டி வெளியே வரும். குழந்தை ‘டைனோசர்’ என்றாலும், ‘எங்க வீட்டு நாய்க்குட்டி’ என்றாலும் இதே வழிதான். சொன்னதை ஏற்றுக்கொள், ஒரு வரியில் கதைக்குள் சேர், முதுகெலும்புக்குத் திரும்பு. மாதிரிக்குக் கொடுக்கும் கட்டளையிலேயே ‘இரண்டு வாக்கியத்துக்கு மேல் கூடாது, புதுப் பாத்திரம் கூடாது, அறிவுரை கூடாது’ என்று எழுதிவிடுங்கள். மாதிரி சொதப்பினாலோ நெட் போனாலோ சொல்ல ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பொது வரியைப் பதிந்து வையுங்கள். அப்புறம், ‘அம்மா எங்க?’ என்று எந்தக் கதையிலும் எந்தக் குழந்தையும் கேட்கும். அதற்குப் பதில் இல்லாமல் கதையை வெளியே விடாதீர்கள்.

அதே பொம்மையைப் பற்றி இன்னொன்று. குழந்தை பேசி முடித்து, பொம்மை பதில் சொல்ல ஆறு விநாடி ஆகிறது. சில சமயம் குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே பேசிவிடுகிறது. விலை கூடிய போர்டு வாங்கினால் சரியாகுமா?

போர்டு மாற்றினால் பெரிதாக ஒன்றும் மாறாது. நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மைக்கில் வந்த குரல் சர்வருக்குப் போக வேண்டும், எழுத்தாக மாற வேண்டும், மாதிரி பதில் யோசிக்க வேண்டும், பதில் குரலாக வேண்டும், திரும்பி வர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு விநாடி ஒழுகினால் ஆறு ஆகிவிடும். மனிதர்கள் பேச்சில் ஒருவர் கேட்டு இன்னொருவர் பதில் சொல்ல எடுக்கும் இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, சராசரியாக 200 மில்லிவிநாடியை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வேகத்துக்கு நீங்கள் போக முடியாது, போகவும் வேண்டாம். குழந்தை பேசி முடித்ததும் ‘ஓ, அப்படியா!’, ‘அட!’ என்று எஸ்டி கார்டில் இருக்கும் ஒரு சின்னப் பதிவை உடனே ஒலிக்க விடுங்கள், அதற்குள் பின்னால் வேலை நடக்கட்டும். பதில் முழுசாகத் தயாராகும் வரை காத்திருக்காமல் முதல் வாக்கியம் வந்ததும் பேச ஆரம்பிக்கட்டும்.

குறுக்கே பேசுவதற்குக் காரணம் வேறு. அமைதி எவ்வளவு நேரம் நீடித்தால் ‘பேசி முடித்தாயிற்று’ என்று எடுத்துக்கொள்வது என்ற அளவு பெரியவர்களின் பேச்சுக்கு ஏற்ற மாதிரி வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் அரை விநாடி, முக்கால் விநாடி. நாலு வயதுக் குழந்தை அப்படியா பேசுகிறது? ‘அப்புறம்... அப்புறம் வந்து... அந்த யானை... அந்த யானை இல்ல...’ என்று இழுக்கும், நடுவில் எச்சில் விழுங்கும், ஜன்னலைப் பார்க்கும், திரும்ப வரும். அந்த அளவை இரண்டு விநாடிக்குக் கூட்டிப் பாருங்கள். பொம்மை மெதுவாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், தன்னைப் பேச விடுகிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரியும்.

குழந்தைக் குரலைச் சரியாக எழுத்தாக்குவது எந்த மொழியிலும் கஷ்டம்தான். குரல்வளை சின்னது, சுருதி அதிகம், எழுத்து இன்னும் நாக்கில் படியவில்லை, மாதிரிகளைப் பழக்கிய குரல்களில் பெரும்பாலானவை பெரியவர்களுடையவை. தமிழுக்கு, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற 2022-இல் வெளிவந்த மாதிரி இருக்கிறது, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் என்ற ஆய்வுக் குழு வெளியிட்ட இந்திய மொழி மாதிரிகள் இருக்கின்றன, இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது உங்கள் தெருக் குழந்தைகளைப் புரிந்துகொள்கிறதோ அதை எடுங்கள். ஓசூர், தளிப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல் வரும், ஒரே குழந்தை ஒரே மூச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும். எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் எழுதிக் காட்டச் சொல்லாமல், இந்த நிறுத்தத்தில் என்ன வரக்கூடும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: யானை, ஆனை, ஏனுகு, ஆனெ, எது வந்தாலும் யானைதான்.

வன்பொருளுக்கு ஈஎஸ்பி32-எஸ்3 போர்டு, ஐஎன்எம்பி441 மைக், ஒலியைக் கூட்டும் மேக்ஸ்98357ஏ ஆம்ப், மூன்று வாட் ஸ்பீக்கர், இவை போதும். எப்போதும் காது திறந்திருக்கும் பொம்மை வேண்டாம். வயிற்றை அழுத்தினால்தான் மைக் வேலை செய்யட்டும், அப்போது ஒரு விளக்கு எரியட்டும். பக்கத்து அறை டிவி சத்தத்துக்குப் பதில் சொல்லும் தொல்லையும் தீரும், வீட்டுப் பேச்சு வெளியே போகாது என்ற நம்பிக்கையும் வரும்.

அக்கா, ஓசூரில் இருக்கிறோம். இரண்டு பேரும் ஷிப்ட் வேலை. ஆன்லைனில் பேசும் பொம்மை ஒன்று வாங்கினோம். ஐந்து வயது மகள் அதற்கு உயிர் இருக்கிறது என்றே நம்புகிறாள். படுக்கப் போகும்போது ‘போகாதே, எனக்குத் தனியா பயமா இருக்கு’ என்று பொம்மை சொல்கிறது, அவள் அழுகிறாள். பிடுங்கி வைத்துவிடலாமா?

பிடுங்காதீர்கள் தங்கச்சி, அவள் பார்வையில் நீங்கள் ஒரு நண்பனைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அந்த வயதில் மரப்பாச்சிக்கும் உயிர் உண்டு, அதில் தப்பே இல்லை. மரப்பாச்சி பதில் பேசாது என்பதால் அவளேதான் இரண்டு பக்கமும் பேசுவாள். இந்தப் பொம்மையோ அவளுக்குப் பதிலாகத் தானே பேசி, அதுவும் பயத்தைப் பேசி, அவளைப் பிடித்து வைக்கிறது. ஒரு குழந்தையைத் தூங்க விடாமல் செய்யும் வசனத்தை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள், அல்லது வருகிறதா என்று சோதித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டும் மன்னிக்கக்கூடியது இல்லை.

வைஃபையை நிறுத்திவிட்டுப் பொம்மையை வெறும் பொம்மையாக அவளிடமே கொடுங்கள். ‘அதுக்குப் பேட்டரி தீர்ந்துபோச்சு, இனிமே நீதான் அதுக்குக் கதை சொல்லணும்’ என்றால் போதும். பேசும் பொம்மை வேண்டவே வேண்டும் என்றால் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம்.

வடிவமைக்கிறவர்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான பிர்க், கும்மா என்ற ஏஐ கரடிப் பொம்மையைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. கத்தியும் தீப்பெட்டியும் வீட்டில் எங்கே இருக்கும் என்பதையும், குழந்தை காதில் விழவே கூடாத பாலியல் விஷயங்களையும் அது பேசியது. அதற்கு மாதிரியை வழங்கிய ஓப்பன்ஏஐ, பொம்மையைச் செய்த நிறுவனத்துக்கான அனுமதியை நிறுத்தியது, பொம்மையும் கொஞ்ச நாள் விற்பனையிலிருந்து இறங்கியது. அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பேச்சு நீள நீளத் தடுப்புகள் தளர்ந்துபோயின என்பது. ஆரம்பத்தில் ஒழுங்காகப் பேசிய பொம்மை பத்து நிமிடத்துக்கு மேல் வேறு மாதிரி ஆகிறது. ஆகவே ஒரு கதை, ஏழு நிறுத்தம், முடிந்தது என்று இருக்கட்டும். முடிந்ததும் பொம்மையே ‘கதை அவ்வளவுதான், போய் அம்மாகிட்ட சொல்லு’ என்று விடை கொடுக்கட்டும், மாதிரி முந்தின பேச்சையெல்லாம் மறந்துவிட்டு அடுத்த கதையைப் புதிதாகத் தொடங்கட்டும்.

பென்னாகரம் தாண்டி மலைப்பக்கம் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். எங்களுக்கு டவரே கிடைக்காது. இதெல்லாம் எங்களுக்கு இல்லையா?

உங்களுக்குத்தான் முதலில். பொம்மைக்குள் நெட் தேவையே இல்லாதபடி செய்யலாம். ஏஐயை எழுதும் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் குழந்தைகள் என்னென்ன சொல்லக்கூடும், அதற்கு என்ன பதில் பொருந்தும் என்று பத்துப் பதினைந்து வகை எழுதித் தரச் சொல்லி, உங்களைப் போன்றவர்கள் படித்துப் பார்த்து, ஆகாததைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் குரலில் பதிந்து எஸ்டி கார்டில் ஏற்றிவிடலாம். குழந்தை பேசுவதற்குப் பதில் மரத்தில் செய்த யானை, பரிசல், மாங்காய், பனைமரம் இவற்றில் ஒன்றை எடுத்துப் பொம்மையின் மடியில் வைக்கட்டும். அந்த மரச் சாமான்களுக்குள் ஆளுக்கொரு என்எஃப்சி சில்லும் (தொடாமலே, கிட்டே வைத்தால் படிக்கக்கூடிய சில்லு), பொம்மைக்குள் அதைப் படிக்கும் கருவியும் இருந்தால் எது வைக்கப்பட்டது என்று பொம்மைக்குத் தெரிந்துவிடும், கதை அந்தப் பக்கம் திரும்பும். இருபது பிள்ளைகள் கூச்சல் போடும் அறையில் மைக்கை விட இது நம்பகமானது, பேசக் கூச்சப்படும் குழந்தைக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

மகளே, எனக்கு எழுபது தாண்டிவிட்டது, காரிமங்கலம் பக்கம். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்லாத கதை இல்லை. இனி பொம்மையே சொல்லுமென்றால் எங்களைப் போன்றவர்கள் எதற்கு? எங்கள் ஊர்க் கதை ஏதாவது அதற்குத் தெரியுமா?

பெரியம்மா, தெரியாது. இணையத்தில் நிறைய எழுதப்பட்டது மட்டும்தான் அதற்கு நன்றாகத் தெரியும், நம் பக்கத்துக் கதைகளில் பாதிக்கு மேல் யாரும் எழுதியே வைக்கவில்லை. எழுதி வைத்ததிலும் குழப்பும். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த செய்தி புறநானூற்றில் 91-ஆம் பாட்டில் இருக்கிறது. தொண்டைமானிடம் தூது போன அதே ஔவை, அவனுடைய ஆயுதங்கள் மாலை சூட்டி எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை போரில் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று 95-ஆம் பாட்டில் குத்திக்காட்டுகிறாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய கதை. இதை ஏஐயைச் சொல்லச் சொன்னால், சங்க காலத்து ஔவையையும் ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையையும் ஒரே ஆளாக்கி, நடுவில் முருகனையும் நாவல் மரத்தையும் கொண்டுவந்துவிட வாய்ப்பு அதிகம். அதனால்தான் முதுகெலும்பை ஆள் எழுத வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் கதைகளைப் பேரனை விட்டுப் போனில் பதியச் சொல்லுங்கள். பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பதிய வேண்டும், அவர்கள் உம் கொட்டுவதும் குறுக்கே கேட்பதும் அதிலேயே இருக்கட்டும். பொம்மை செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடப் புத்தகம் கிடையாது: எங்கே நிறுத்தினீர்கள், எங்கே குரலைத் தாழ்த்தினீர்கள், பிள்ளை தப்பாகச் சொன்னதை எப்படித் திட்டாமல் திருப்பினீர்கள் என்று எல்லாம் அதில் தெரியும். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று பதினெட்டு நாள் நடக்கிறதே, அதில் கட்டியங்காரனைக் கவனியுங்கள். ராஜா பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது ‘என்ன ராஜா சொன்னீங்க, புரியலியே’ என்று கூட்டத்துக்காக அவன் கேட்பான். பேசும் பொம்மைக்கு ராஜா வேஷத்தை விட அந்த வேஷம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். கதையை நீங்கள் சொல்லுங்கள், பொம்மை பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ‘பாட்டி, அந்த ராட்சசன் என்ன சாப்பிடுவான்?’ என்று கேட்கட்டும். இப்படி ஒன்றை யாராவது செய்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன். உங்கள் குரலை எங்காவது பயன்படுத்த வேண்டுமென்றால் உங்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, கூலியும் கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதையும் பேரனிடம் சொல்லி வையுங்கள்.

மேடம், கிருஷ்ணகிரியில் பொம்மைக் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரிப் பொம்மையை நாங்களே செய்து விற்க நினைக்கிறோம். லைசென்ஸ், சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது சார், இரண்டு பக்கமும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் உரிமமும் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பின்பற்ற வேண்டிய தர விதிகள்: பொதுவான பாதுகாப்புக்கு ஐஎஸ் 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐஎஸ் 15644. வைஃபை இருந்தால் அதற்கான ஒப்புதல் தனி. பட்டன் பேட்டரி போடாதீர்கள், குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். எந்த பேட்டரியானாலும் மூடிக்கு ஸ்க்ரூ வேண்டும். உடம்பை மரத்தில் செய்வதானால் பெங்களூரு தாண்டினால் சென்னபட்டணம், அங்கே அரக்குப் பூசிக் கடைசல் பிடிக்கும் கைகளிடம் பேசிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் குரல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தரவைத் தொடுவதற்கு முன் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கும் விதத்தில் வாங்க வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது, மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அவகாசத்தை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். 2017-இல் கிளவுட்பெட்ஸ் என்ற பொம்மையின் தரவுத்தளம் பாஸ்வேர்டு கூட இல்லாமல் திறந்து கிடந்து, 20 லட்சத்துக்கு மேற்பட்ட குரல் பதிவுகள், அம்மா பிள்ளைக்குச் சொன்னது, பிள்ளை அப்பாவுக்குச் சொன்னது எல்லாம், யார் கைக்கும் எட்டும்படி இருந்தன. அதே வருடம் ஜெர்மனி, கெய்லா என்ற பேசும் பொம்மையை ஒளித்து வைத்த ஒட்டுக்கேட்புக் கருவி என்று சொல்லித் தடை செய்தது. குரலைச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். எழுத்தானதும் அழிந்துவிட வேண்டும், எழுத்தும் கதை முடிந்ததும் போய்விட வேண்டும். உங்களிடம் இல்லாததை யாரும் திருட முடியாது. இதைப் பெட்டி மேல் தமிழில், கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்.

அக்கா, நான் ஏழாம் வகுப்பு, ராயக்கோட்டை. எனக்கு கோடிங் தெரியாது. நானும் கதை பொம்மை செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் கண்ணு. முதலில் கம்ப்யூட்டர் வேண்டாம், பழைய நோட்டு அட்டையில் சீட்டுகள் வெட்டிக்கொள். ஒவ்வொரு சீட்டிலும் கதையின் ஒரு துண்டு, கடைசியில் ஒரு கேள்வி. ‘ஆமாம்’ என்றால் எந்தச் சீட்டு, ‘இல்லை’ என்றால் எந்தச் சீட்டு என்று பின்னால் எண் போடு. ஒரு தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்துப் படித்துக் காட்டு, எங்கே அவர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்களோ அந்தச் சீட்டைத் திருத்து. அது நன்றாக வந்த பிறகு பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருளைக் கேட்டுப் பார், உன் குரலையே பதிந்து, பட்டன் அழுத்தினால் அடுத்த துண்டு வரும்படி அதில் அடுக்கலாம். சீட்டுக் கதையை எங்களுக்கும் எழுதி அனுப்பு. வகுப்பும் ஊரும் போட்டால் போதும், வீட்டு முகவரியும் போன் நம்பரும் வேண்டாம்.